திரையில் ஒரு குட்டி மேடு

காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல, ரத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் கருவியின் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார் மருந்தாய்வுக்கூடத்து அக்கா. "என்ன தங்கம், மூச்சு வாங்குதா?" நகத்தால் குழாயில் ஒரு சுண்டு. மாட்டிக்கொண்டிருந்த காற்றுக்குமிழி நகர்கிறது. "அதானே பாத்தேன்!"

பம்புக்கு அடுத்து, விரல் நீளத்துக்கு ஓர் எஃகுக் குழல். உள்ளே மாவுபோல் அடைத்த துகள். மருந்து சாப்பிட்டவர்களின் ரத்தத்தைத் தெளியவைத்து அதற்குள் ஒரு சொட்டைத் தள்ளினால், கலந்து கிடப்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரிந்து வெளியே வரும். ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு மலை. உடம்புக்குள் போன மருந்து என்ன ஆனது என்று அக்கா அதில் படித்துவிடுவார். "கல்லீரல் இருக்கே, அது ஒரு தையல்காரன். எதைக் குடுத்தாலும் ரெண்டு இடத்துல வெட்டி, ஒரு இடத்துல ஒட்டுப் போட்டுத்தான் வெளிய அனுப்பும்."

இந்த ஆர்வம் சொந்தக்காரர்களுக்குத்தான் ஆபத்து. கல்யாண வீட்டில் யாராவது தலைவலி மாத்திரை போட்டால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "முழுங்கி எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டபடியே முழங்கை நரம்பைப் பார்ப்பார். வீட்டுக்காரர் இப்போதெல்லாம் குளியலறையில் ஒளிந்துதான் மாத்திரை விழுங்குகிறார்.

இன்று காலை திரையில் அழையா விருந்தாளி. புது வலிமருந்தின் மலைக்கு முன்னால், யாரும் எதிர்பார்க்காத ஒரு குட்டி மேடு.

"அழுக்கும்மா," என்றார் மேலாளர். "குழலைக் கழுவு. சாயந்தரம் அறிக்கை போகணும்."

"மருந்தை வெட்டி உடம்பு செஞ்சதா இருந்தா சார்? அது என்ன பண்ணும்னே தெரியாம ஜனங்களுக்குக் குடுக்கிறதா?"

"இருந்தா பாப்போம்."

"இருந்தா அறிக்கை நிக்கணும். சரியா?"

மேலாளர் அரைமனதாகத் தலையாட்டினார்.

அதே ஆட்களிடம் மருந்து கொடுப்பதற்கு முன்னால் எடுத்த ரத்தத்தை அக்கா முதலில் ஓட்டினார். அழுக்கென்றால் இதிலும் தெரிய வேண்டுமே! கோடு இஸ்திரி போட்டதுபோல் தட்டையாகப் போனது. அடுத்து, மருந்து சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தது: மேடு! இரண்டாவது மணி: மருந்தின் மலை இறங்குகிறது, மேடு ஏறுகிறது!

"ஏறுது சார், ஏறுது! அழுக்கு எங்கயாவது மணிக்கு மணி வளருமா?"

மேலாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். "அறிக்கையை நிறுத்திடலாம்மா," என்றார், பல்வலிக்காரர்போல.

அக்காவின் காதில் அது விழவேயில்லை. தன் நாற்காலியிலிருந்து எழுந்து, மேலாளரின் தோளைப் பிடித்து அமுக்கி அதில் உட்காரவைத்தார்.

"அசையாதீங்க சார். மூணாவது மணி வருது."