கரும்பலகையில் நிரம்பிய கட்டங்கள்

மலாயாவில் கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளிக்கு முரியல் ஆசிரியையாக வந்தது 1951இல். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி. மாலை ஆறு மணிக்கு மேல் வெளியே தலைகாட்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டி என்றால் அவளுக்கு உயிர். பிள்ளைகளுக்கும் அதைப் பழக்கினாள். சாயங்காலம் கரும்பலகையில் கட்டங்கள் போட்டு, குறிப்புகள் எழுதி, பள்ளியைப் பூட்டிவிட்டுப் போவாள். மறுநாள் பிள்ளைகள் நிரப்புவார்கள்.

ஒரு திங்கட்கிழமை, எல்லாவற்றின் ஆரம்பத்தைப் பற்றியும் குறிப்புகள் எழுதினாள். ‘ரப்பர் மரத்தின் இளமைப் பெயர்’, ‘ஈன்ற மாட்டின் முதற்பால்’, ‘தவளையின் குழந்தைப் பருவம்’. செவ்வாய் காலை பூட்டைத் திறந்தால் கன்று, சீம்பால், தலைப்பிரட்டை எல்லாம் நிரம்பியிருந்தன. சன்னல் கம்பி எதுவும் அசைந்திருக்கவில்லை. ‘று’வின் வாலை நீட்டிச் சுருட்டிய அழகான கையெழுத்து.

பிள்ளைகள் வருமுன் அழித்தாள். புதன்கிழமையும் அப்படியே. வியாழனன்று பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோது அதே வால் சுருண்ட ‘று’. பதிவேட்டை எழுதியவர் அவளுக்கு முன்பு அங்கே இருந்த ரெங்கசாமி வாத்தியார். தொழிற்சங்க ஆட்களைப் பிடித்த நாற்பத்தெட்டில் காணாமல் போனவர். முரியல் அவரைப் பார்த்ததே இல்லை.

வெளியே சொன்னால் லயமே விசாரணைக்குப் போகும். வாயை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலம் எழுதாமலே போயிருக்கலாம், மனம் கேட்கவில்லை. ஒரே ஒரு குறிப்பு எழுதினாள்: ‘வாழ்வின் தொடக்கம், நான்கு எழுத்து.’

காலையில் ‘பிறப்பு’ இருக்கும் என்று நினைத்தாள். ‘இறப்பு’ என்றிருந்தது.

அழித்து முடிப்பதற்குள் தோட்ட வேலையை மேற்பார்க்கும் காளியண்ணன் மண்டோர் ஓடிவந்தார்.

“டீச்சரம்மா, ஆபீஸ் முன்னால லோரி நிக்குது. காட்டுக்காரன் ஒருத்தனைச் சுட்டுக் கொண்டாந்திருக்காங்க. எல்லாரும் வந்து அடையாளம் பாக்கணுமாம் லா.”

கித்தான் துணியை விலக்கினார்கள். சேறு அப்பிய வலது கையின் மூன்று விரல்களில் மட்டும் வெள்ளைத் தூள்.

போலீஸ்காரரிடம் “தெரியாது” என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிய மண்டோருக்குக் கண் கலங்கியிருந்தது. “நம்ம ரெங்கசாமி வாத்தியாரு,” என்று முணுமுணுத்தார்.

“எப்போ சுட்டாங்களாம்?”

“திங்கக்கிழமை காலைல. கம்போங் குவாந்தான் பக்கம் ஆத்தோரம் நாலு நாளா கெடந்திருக்காரு. இன்னைக்குத்தான் எடுத்தாங்க.”

முரியலும் தெரியாது என்றே சொன்னாள். வகுப்புக்குப் போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள்.

அந்தப் பள்ளியில் இன்னும் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். இரவில் யாரும் கரும்பலகையில் எழுதவே இல்லை, அன்றைக்குப் பிறகு; அவள் மட்டும் தினமும் காலையில் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். வருடத்துக்கு ஒருமுறை மாதா கோயிலில் ஓர் ஆன்மாவுக்காகப் பூசை கேட்பாள்.

“பேரு என்னம்மா?” என்பார் சாமியார்.

“பேரு வேணாம் சாமி. ஒரு வாத்தியாருன்னு வேண்டிக்குங்க, போதும்.”