ஓர வரிசை

தேவாரம் ஊருக்கு மேற்கே, நிலக்கடலைக் காட்டில் களையெடுக்க நான் போன முதல் நாள் அது. வரிசை பிரித்துக் கொடுத்த ஆரோக்கியம் அக்கா, கோரை மண்டிக் கிடந்த ஓர வரிசையை என்னிடம் தள்ளினார்.

"புதுசா வந்தவள்னா இளக்காரமா? இது என்ன நியாயம்க்கா?" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை.

மதியத்துக்குள் எல்லோரும் முடித்துவிட்டார்கள். நான் மட்டும் பாதியில் கிடந்தேன். நாளைக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தால், என் வரிசையின் மறுமுனையிலிருந்து அத்தனை பேரும் களையெடுத்தபடி என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"புது ஆளு எப்படியும் பிந்தும் ஆத்தா. நடுவுல பிந்துனா காட்டுக்காரக நாளைக்கு வேணாம்பாக. இங்கன பிந்துனா கோரையத்தான் குத்தம் சொல்லுவாக" என்றார் அக்கா.

இப்போது வரிசை பிரிப்பவள் நான். புதிதாக வருகிறவள் முறைக்கும்போதெல்லாம் அக்காவை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். நானும் பதில் சொல்வதில்லை.