கத்தரியில் உதிர்ந்த இரண்டு பூக்கள்

பள்ளிபாளையத்தில் துண்டு ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் நான் செக்கர். துணியில் குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. துண்டு வாங்கத் துருக்கியிலிருந்து வந்த ஒரு அம்மா, ஓரம் இப்படி வேண்டும் என்று மாதிரிக்காகத் தன் தலைத்துணியைக் கொடுத்தார். ஓரமெல்லாம் குட்டிக் குட்டிப் பூக்களாக லேஸ். மெஷின் லேஸை வாங்கித் தைத்தது என்று நானே முடிவுகட்டி, அதே லேஸ் கிடைக்குமா என்று ஈரோட்டுக் கடையில் காட்டக் கத்தரியால் பிரித்தேன். இரண்டு பூக்கள் உதிர்ந்துவிட்டன.

துண்டு ஓரத்துக்கு முடிச்சுப் போடும் சரசு பதறினாள். "ஏனுங்க, அது தனியா வராதுங்க! துணியிலயே ஊசியில முடிச்சுப் போட்டிருக்குதுங்க."

அந்த அம்மாவிடம் ஒளிக்காமல் காட்டினேன். அவர் கோபிக்கவில்லை. பையிலிருந்து ஊசி நூல் எடுத்து ஒரு பூவைக் கட்டினார். பிறகு ஊசியைச் சரசுவிடம் நீட்டினார். அடுத்த பூவை அவள் கட்டினாள்.

"இது எந்த ஊரு வேலைங்க?" என்று கேட்டேன். மேனேஜர் இங்கிலீஷில் கேட்டுச் சொன்னார்: "துருக்கிக்காரங்க தங்களுதுன்னு சொல்றாங்களாம். இத்தாலிக்காரங்க தங்களுதுங்கறாங்களாம். இனிச் சரசுவும் தன்னுதுன்னு சொல்லலாமாம்."

சாயங்காலம் அந்தத் துணியை ட்யூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். குறை தேடியே பழகிய கண். எந்தப் பூ யார் கட்டியது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.