நயினார் விரித்த கார்பெட்

என் சித்தி மகன் நயினார், தன் அய்யா ஓட்டிய அம்பாசிடர் காரின் உள்பக்கத்தை வாசலில் வைத்தே நாலு மாதம் புதுப்பித்தான். சீட்டுக்குப் புதுப் பஞ்சு, சிவப்பு ரெக்சின், தரைக்குக் கார்பெட். அவன் வீட்டுக் கட்டிலில்கூட அப்படியொரு மெத்தை கிடையாது. "எடைக்குப் போடுலே" என்று சொன்ன அக்காள் பகவதி, ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடமாட்டாளா என்பதுதான் அவன் ஆசை.

பகவதி பேரனுக்கு வேம்பாரில் காதுகுத்து. நயினார், பகவதி, நான் என மூன்று பேரும் தூத்துக்குடியிலிருந்து அந்தக் காரில் புறப்பட்டோம்.

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. கார்பெட் அழுக்காயிரும்."

"ஏலே, இது காரா கோயிலா?" என்றபடியே பகவதியும் கழற்றினாள்.

வேம்பாரில் இறங்கும்போதுதான் உறைத்தது. மூன்று சோடிச் செருப்பும் தூத்துக்குடி வீட்டு வாசலிலேயே கிடந்தன. உச்சிவெயிலில் மணல் கொதித்தது. ஒரு கால் வைத்த பகவதி, அலறிக்கொண்டு காருக்குள் திரும்பி, இரண்டு காலையும் கார்பெட்டில் புதைத்துக்கொண்டாள்.

"எப்படிக்கா இருக்கு?" என்றான் நயினார் மெதுவாக.

"மெத்துன்னு நல்லாத்தாம்ல இருக்கு. போயி செருப்பு வாங்கிட்டு வா."

நயினார் அந்தச் சுடுமணலில் வெறுங்காலோடு, சிரித்துக்கொண்டே கடைக்கு ஓடினான்.