நான் சொன்ன பிழையான வழி

எண்பதுகளின் நடுப்பகுதி. ஹேர்னிங் என்ற டேனிஷ் நகரத்தில் ஒரு தையல் ஆலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்த செல்வத்தின் மனைவி ராணி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தாள். ஊரில் இருந்த என் மனைவிக்கு இன்னும் விசா கிடைக்கவில்லை. அவர்கள் சிரித்துப் பேசுவதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வம் தன் பழைய காரில் என்னையும் வற்புறுத்தி ஏற்றினான். இந்த மண்ணின் ஆதிக்குடிகளுடைய புதைமேடுகளையும், ஜெர்மனியிலிருந்து வந்து தரிசு நிலத்தைத் திருத்திக் குடியேறியவர்களின் வீடுகளையும் பார்ப்பது திட்டம். சுற்றுலா அலுவலகம் கொடுத்த வரைபடத்தோடு நான் பின் இருக்கையில் இருந்தேன்.

முதல் புதைமேட்டில் செல்வம் ராணியின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். நான் வலப்பக்கம் என்றேன். வழி தவறினால் அலுத்துப்போய் வீட்டுக்குத் திரும்புவார்கள் என்று நினைத்தேன்.

அரை மணி நேரம் அலைந்த பிறகு, செல்வம் ஒரு பண்ணையில் வழி கேட்க இறங்கிப் போனான். ராணி என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணை, நான் ஊரிலையிருந்து வெளிக்கிட முதல் அக்காவைப் பாக்க உங்கட வீட்டை போனனான். நீங்கள் இருக்கிற இடமெல்லாம் பாத்து எழுதச் சொல்லி அக்கா கேட்டவா. அதாலைதான் உங்களையும் கூட்டிக்கொண்டு போவம் எண்டு இவரிட்டைச் சொன்னனான்.”

செல்வம் வந்ததும், “நான்தான் வேணுமெண்டு பிழையாச் சொன்னனான்,” என்றேன்.

அவன் ஏறிக் கதவைச் சாத்தினான். “சரி, இனிச் சரியாச் சொல்லு,” என்று காரை எடுத்தான்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இருவரும் இன்றுவரை கேட்டதில்லை. அவர்களுக்கு விளங்கியிருந்ததால்தான் கேட்கவில்லை என்பது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.