ஆடி அமாவாசைச் சூரியன்

வேதவதி ஒரு வருஷத்துக்கு மேலாக ஒன்றுமில்லாததை வரைந்துகொண்டிருந்தாள்.

மலைக்கோட்டைக்குக் கீழே இருந்த கல்லூரி ஒன்றின் மொட்டைமாடியில், பித்தளைக் குழல் கறுத்துப்போன பழைய டெலஸ்கோப் இருந்தது. சூரியனை அதற்குள் கண் வைத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் போய்விடும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பொருத்தினால் அதில் சூரியன் உள்ளங்கை அகல வட்டமாக வந்து விழும். அந்த வட்டத்தில் தெரிகிற கரும்புள்ளிகளை இருந்த இடம் மாறாமல் பென்சிலால் குறித்துக்கொண்டு, கீழே வந்து லாகரிதப் புத்தகத்தை விரித்துக் கணக்குப் போட வேண்டும். எம்.எஸ்ஸி. பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டிருந்த ஆராய்ச்சி அதுதான். ஆனால் சூரியன் சில வருஷங்களுக்கு ஒருமுறை அடங்கிப்போய்விடும். அந்த 1944-ம் வருஷம் அப்படி அடங்கிய வருஷம். வாரக்கணக்கில் ஒரு புள்ளி கிடையாது. அவள் வட்டம் போடுவாள், உள்ளே ஒன்றும் இல்லை என்று எழுதுவாள், கையெழுத்திடுவாள்.

"வெறும் நாளை எல்லாம் விட்டுடலாமேம்மா" என்றார் அவளுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் அருள்நாதன். "புள்ளி வர்ற அன்னிக்கு மட்டும் வரைஞ்சாப் போதும். எதுக்கு தினம் வெயில்ல நிக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்லைன்னு யாராவது பார்த்துச் சொன்னாத்தானே சார், இல்லைன்னு தெரியும்?"

அருள்நாதன் நல்ல மனிதர். பெண் என்று தயங்காமல் அவளைச் சேர்த்துக்கொண்டவர். சிரித்துவிட்டு, "உங்க இஷ்டம்" என்றார்.

வேதவதி ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து வருவாள். சென்னையில் கணக்கில் ஆனர்ஸ் முடித்த கையோடு கல்யாணம். கணவன் பராசரன் பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. காலையில் பெருமாளுக்குத் தளிகை பண்ணி, அவனுக்கும் மாமியார் ரங்கநாயகிக்கும் பரிமாறிவிட்டு, பஸ் பிடிக்க மொட்டைக் கோபுரத்தடிக்கு ஓட வேண்டும். யுத்த காலம், பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு இருமி இருமி ஓடின. காவேரிப் பாலத்தில் அவை நின்றுபோனால் இறங்கி நடந்துவிடுவாள். நல்ல தாள் கிடைக்காத நாட்கள் அவை. பராசரன் ஆபீஸில் கழித்துப்போட்ட இன்ஜின் வரைபடங்களைக் கேட்டு வாங்கி வருவான். ஒரு பக்கம் கொதிகலன், மறுபக்கம் சூரியன். கல்லூரிப் பையன்கள் அவளுக்குச் சூரியகாந்தி என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் படியேறும்போது யாராவது முணுமுணுத்தால், நின்று, "என்ன சொன்னேள்? உரக்கச் சொல்லுங்கோ" என்பாள். உரக்கச் சொல்ல எவனும் இருக்கமாட்டான்.

அந்த வருஷம் ஆடி அமாவாசையன்று சூரிய கிரகணம் வந்தது.

அவளுடைய ஆராய்ச்சிக்கு அது கிடைத்தற்கரிய நாள். சந்திரனுடைய விளிம்பு எந்த வினாடியில் எங்கே இருக்கும் என்பதைக் கணக்குப் போட்டு அறிந்துகொள்ளலாம். அந்த விளிம்பு ஒரு கரும்புள்ளியை மூடுகிற கணத்தைப் பிடித்துவிட்டால், புள்ளி உண்மையில் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அவள் பென்சிலால் குறித்த இடம் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்தால், இத்தனை நாள் வரைந்த படங்களை எவ்வளவு நம்பலாம் என்று சொல்லிவிடலாம். அதற்குச் சூரியனில் ஒரு புள்ளி வேண்டுமே! அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பு, கிழக்கு விளிம்பில், கடுகளவுக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. அன்று அவள் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்ததைப் பார்த்துக் கல்லூரிப் பியூன் பெரியண்ணன் யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று நினைத்தார்.

"மெதுவாம்மா, மெதுவா!" என்று பதறினார். பதறக் காரணம் இருந்தது. வேதவதிக்கு அப்போது ஐந்து மாதம்.

மறுநாள் அருள்நாதன் அவளைத் தம் அறைக்கு அழைத்தார். அங்கே வீரராகவன் நின்றிருந்தான். பௌதிகப் பிரிவில் டெமான்ஸ்ட்ரேட்டர், அவளைவிட இளையவன்.

"கிரகணத்தன்னிக்கு இவர் பார்த்துக்கட்டும்மா. நீங்க வர வேண்டாம்."

வேதவதிக்குப் புரியவில்லை. "ஏன் சார்?"

"இந்த நிலைமையில அத்தனை படி ஏறி, வெயில்ல மணிக்கணக்கா நிக்கிறது உடம்புக்கு நல்லதில்ல. கூட்டம் வேற. ஏதாவது ஆச்சுன்னா கல்லூரிக்குத்தான் கெட்ட பேர். இவர் குறிச்சுக் குடுப்பார், நீங்க வீட்ல உக்காந்து கணக்குப் போடுங்க. உங்க பேரோட இவர் பேரும் இருக்கட்டுமே, என்ன இப்போ?"

"நேத்தும் அதே படிதான் சார் ஏறினேன். நாளைக்கும் ஏறணும். நாளைக்கு இவர் வருவாரா?"

வீரராகவன் தரையைப் பார்த்தான்.

"அது வேறம்மா. அன்னிக்கு... உங்க வீட்லயும் விடமாட்டாங்க, இல்லையா?"

அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. "வீட்ல கிரகணம்னு சொல்லித் தடுப்பா. நீங்க படிக்கட்டுன்னு சொல்லித் தடுக்கறேள். காரணம் ரெண்டு, கதவு ஒண்ணுதான் சார். நான் வருவேன்."

அவர் முகம் சிவந்தது. அவள் நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் நடந்தது அதைவிடக் கடினமாக இருந்தது. ஏனென்றால் ரங்கநாயகி சத்தம் போடவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் சாயங்காலம், கிரகண நேரத்தில் சாப்பாட்டுப் பண்டங்கள் மேல் போடுவதற்குத் தர்ப்பைப் புல்லை நறுக்கிக்கொண்டே பேசினாள்.

"உள்ளே இருட்டறையில பாய் போட்டு வெச்சிருக்கேன். கிரகணம் விடற வரைக்கும் பெருமாளை நெனச்சிண்டு படுத்திரு. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"நான் கல்லூரிக்குப் போறேம்மா."

கத்தி நின்றது. "வெளியில காலடி வெக்கற வேளையாடி அது? பார்க்கவே கூடாதுன்னு சொல்ற சூரியனை நீ வெச்ச கண் வாங்காம பார்க்கப் போறயா? குழந்தைக்கு உதடு பிளந்து பொறந்தா யாரைக் கேக்கறது?"

"போன தடவை நீங்க சொன்ன ஒண்ணையும் நான் மீறலை. படியிறங்கலை, பாரம் தூக்கலை. கிரகணமும் வரலை. அப்பவும் தங்கலையேம்மா."

இரண்டு வருஷத்துக்கு முன் மார்கழியில் போன குழந்தையைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதே இல்லை. வாசல்பக்கம் நின்றிருந்த பராசரன் தலையைத் திருப்பிக்கொண்டான்.

ரங்கநாயகி நறுக்கிய புல்லைக் கூட்டி ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்: "ஏன் தங்கலைன்னு நேக்குத் தெரியலை. அதனாலதான் எல்லாத்துக்கும் பயப்படறேன்."

வேதவதி அருகில் போய் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும் பயமாத்தான் இருக்கு. பயத்தோடயே போயிட்டு வரேன்."

பிறகு பராசரன் மெல்லக் கேட்டான். "நான் அம்மா மண்டபத்துப் படித்துறையில இருக்கணுமே. அப்பாவுக்குத் தர்ப்பணம். என்னால கூட வர முடியாதே."

"நான் கூப்பிடலையே. தடுக்காம இருந்தாப் போதும்."

அவன் தடுக்கவில்லை. அன்றைக்கு அவனால் முடிந்தது அவ்வளவுதான். அவள் அதைக் குறைவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை, நிறைவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடி அமாவாசையோடு கிரகணமும் சேர்ந்துகொண்டால் ஸ்ரீரங்கத்துக்குக் கேட்க வேண்டுமா! பொழுது விடியும்போதே துறையூர்ப் பக்கமிருந்தும் எங்கெங்கிருந்தோ மாட்டுவண்டிகளும் ஜனங்களும் வந்து வீதிகள் அடைத்துக்கொண்டன. பஸ்களில் வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். எல்லாரும் உள்ளே வர, வேதவதி ஒருத்தி வெளியே போனாள். காலி பஸ்ஸில் கண்டக்டர் அவள் வயிற்றையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இன்னிக்கு எங்கம்மா போறீங்க? ஆஸ்பத்திரிக்கா?"

"வேலைக்கு" என்றாள்.

பாலத்துக்குக் கீழே காவேரி இரு கரையும் புரண்டு சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றுக்குள் குழந்தை அசையவில்லை. வழக்கமாக பஸ் குலுக்கலில் அசையும். அவள் முன்னிருக்கைக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியதை அவள் பிற்காலத்தில் யாரிடமும் மறைத்ததில்லை.

கல்லூரியில் மாடிப்படியின் அடியில் அருள்நாதன் நின்றிருந்தார். "வந்துட்டீங்களா" என்று மட்டும் சொன்னார். வழியை விடவில்லை.

"சார், பட்டத்துக்குப் பதிவு பண்ணியிருக்கறது என் பேர்ல. தப்பாக் குறிச்சா அந்தத் தப்பும் என்னோடதா இருக்கட்டும். இன்னொருத்தர் கண்ணால பார்த்ததுக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்க வழியை விடலைன்னா இங்கேயே நிப்பேன். கிரகணம் நமக்காகக் காத்திருக்காது."

பெரியண்ணன் ஒரு நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார். "ஐயா, கொஞ்சம் நகர்ந்துக்கிடுங்க. அம்மா உக்காந்து பார்க்க மேல கொண்டுபோறேன்" என்றார். அருள்நாதன் நகர்ந்தார். நாற்காலிக்கு வழிவிட்டாரா அவளுக்கு வழிவிட்டாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

மாடியில் ஆடிக்காற்று பேயாக அடித்தது. வீரராகவன் தாளைப் பொருத்த முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். சூரிய வட்டம் தாளில் நடுங்கியது. அவளைக் கண்டதும் அவனுக்கு உயிர் வந்தது. "நல்லவேளை வந்தீங்க. எனக்கு அந்தப் புள்ளியே கண்ணுக்குத் தட்டுப்படல" என்றான்.

"வடக்கே கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும். நீங்க கடிகாரத்தைப் பாருங்கோ. நான் 'இப்போ'ங்கறப்ப நேரத்தை எழுதுங்கோ."

டெலஸ்கோப்பின் கால்களுக்குச் செங்கல் அண்டக் கொடுத்தார்கள். புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தாளின் ஓரத்தில் வட்டம் லேசாக நசுங்கியது போல் தெரிந்தது. பிறகு அந்த நசுக்கம் கறுப்பாக வளர்ந்தது. எதிரே, ஆற்றுக்கு அப்பால், லட்சம் பேர் தண்ணீரில் இறங்குகிற இரைச்சல் காற்றோடு வந்து வந்து போயிற்று. வெயில் மங்கி, சாம்பல் பூத்தது போல ஆயிற்று. பக்கத்து வேப்பமரத்தின் நிழலில் ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறைபிறையாக விழுந்து கிடப்பதைப் பெரியண்ணன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கறுப்பு விளிம்பு புள்ளியை நெருங்கும் நேரத்தில் மேகம் வந்தது.

தாள் வெறுமையாயிற்று. அவள் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "போ, போயிடு" என்று மேகத்தைப் பார்த்து அதட்டினாள். அது அவள் சொல்லியா போகும்? காற்று தள்ளியது. மேகத்தின் கிழிசலில் சூரியன் வந்தபோது புள்ளிக்கும் விளிம்புக்கும் நடுவே நூலிழைதான் இருந்தது.

"இப்போ!"

வீரராகவன் எழுதினான். அதே கணத்தில் அவள் வயிற்றுக்குள் ஓர் உதை விழுந்தது. அவள் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று மற்றவர்களுக்குப் புரியவில்லை.

புள்ளி மீண்டும் வெளிவருவதைப் பார்க்க முடியவில்லை. மறுபடி மேகம் மூடிக்கொண்டது. பாதிதான் கிடைத்தது. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு அவள் வீடு திரும்பியபோது ரங்கநாயகி ஈரப்புடவையோடு வாசலில் நின்றிருந்தாள். அன்று முதல் பல நாட்கள் மருமகள் சமைத்ததை அவள் தொடவில்லை; தானே ஒரு பிடி அரிசி பொங்கிக்கொண்டாள். வேதவதியும் மன்னிப்புக் கேட்கவில்லை. தினமும் இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். வராவிட்டால் மடித்து வைத்தாள்.

கணக்குப் போட்டுப் பார்த்ததில் விடை அவளுக்குச் சாதகமாக வரவில்லை. அவள் குறித்த இடம் உண்மை இடத்திலிருந்து, தான் நினைத்திருந்ததைவிட நன்றாகவே விலகியிருந்தது. "ஒரே ஒரு அளவுதானே. இந்த அத்தியாயத்தை விட்டுடலாம்" என்றார் அருள்நாதன். அக்கறையோடுதான் சொன்னார்.

"இதுக்காகத்தானே சார் அன்னிக்கு வந்தேன்" என்று சொல்லி, அத்தனை பிழையையும் எழுதி, வெறும் வட்டங்களையும் ஒன்றுவிடாமல் சேர்த்து அனுப்பினாள்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் ரங்கநாயகி துணியை விலக்கி உதட்டைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தாள். பார்க்க வந்திருந்த எதிர்வீட்டு மரகதவல்லி, "எல்லாம் நீங்க ஆத்துல முங்கிப் பண்ணின பிரார்த்தனைதான் மாமி காப்பாத்தித்து" என்றாள்.

படுக்கையிலிருந்தே வேதவதி சொன்னாள். "குறையோட பொறந்திருந்தா என் தப்பு. நன்னாப் பொறந்தா உங்க புண்ணியமா?"

மரகதவல்லி பதிலுக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் ரங்கநாயகி, குழந்தையை மார்போடு அணைத்தபடி, "அவளை ஒண்ணும் சொல்லாதே, மரகதம். அவ போனா. வந்தா. அவ்வளவுதான்" என்றாள். அதற்கு மேல் அவளிடம் எதிர்பார்க்க முடியாது. வேதவதிக்கு அது போதுமாகவும் இல்லை. ஆனால் அன்று சண்டையைத் தொடரத் தெம்பில்லை.

ஆராய்ச்சியைப் பரிசோதித்தவர்களில் ஒருவர், இத்தனை வெறும் வட்டங்கள் எதற்கு என்று கேட்டு எழுதியிருந்தார். அருள்நாதனே உட்கார்ந்து பதில் எழுதினார். எதுவும் இல்லை என்று யாராவது பார்த்துச் சொன்னால்தான் தெரியும் என்று, தம்முடைய வாக்கியம் போலவே எழுதினார். பட்டம் வந்தது. கல்லூரியில் வேலை வந்தபோது அது வீரராகவனுக்குப் போயிற்று; பெண்களுக்கு அங்கே இடமில்லை என்றார்கள்.

வேதவதி ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு மனுப் போட்டாள். நேர்காணலில் மானேஜர், "கைக்குழந்தை இருக்குங்கிறீங்க. மழை, காய்ச்சல்னு லீவு கேப்பீங்களே?" என்று இழுத்தார்.

"கேப்பேன்" என்றாள் வேதவதி. "உங்க வாத்தியார்களுக்கும் குழந்தை இருக்குமே, அவாளையும் இதைக் கேட்டேளா? கேட்டிருந்தா நானும் பதில் சொல்றேன்."

மானேஜர் பக்கத்திலிருந்த தலைமையாசிரியை பாக்கியமேரி வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். வேலை கிடைத்தது. சேர்ந்த முதல் வாரமே வேதவதி பத்தாம் வகுப்புப் பெண்களை மாடிக்கு ஏற்றி, ஓட்டை போட்ட அட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, அதன் வழியே தாளில் விழும் சூரியனை வரையச் சொன்னாள். வெயிலில் நிறுத்தி வைத்தால் பெண்கள் கறுத்துப்போவார்கள் என்று ஒரு தகப்பனார் புகார் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் அவரையும் மாடிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.