கத்தியை நிறுத்தியவர்

எண்பதுகளில் திருத்தணி மலையில் மொட்டையடிக்கும் வேலையில் இருந்தேன். ஒரு நாள் காலை, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒருவர் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். விமானம் ஓட்டுகிறவராம்.

பாதித் தலை முடிந்திருந்தது. "சார், மீசையையும் எடுத்துடட்டுங்களா?" என்றேன்.

சட்டென்று கையை உயர்த்தினார். "கத்திய நிறுத்துங்க. யோசிச்சு சொல்றேன்."

கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, "வேணாம், தலை மட்டும் போதும்" என்றார்.

"இதுக்கா சார் இம்மாம் யோசனை?"

"பாதியில வேற ஒண்ணு கேட்டா இப்பல்லாம் அவசரப்படறதில்ல. போன வாரம் பிளேன் எறங்கற நேரத்துல, வேற ரன்வேக்கு வரச் சொல்லிட்டாங்க. அவசரமா திருப்பினேன், நேரா அமையல. எறங்காம மறுபடி மேல ஏத்திட்டேன். ஒரு சுத்து சுத்தி, முதல்லேர்ந்து நிதானமா வந்து எறக்கினேன்."

"உள்ள இருந்தவங்க பயந்துகினு இருந்திருப்பாங்களே?"

"பயமா? லேட்டாக்கிட்டேன்னு ஒருத்தர் பாக்கி இல்லாம எல்லாரும் பத்திரமா எறங்கி, திட்டிட்டுப் போனாங்க." முகமெல்லாம் சிரிப்பு. "கேக்க அவ்ளோ நல்லா இருந்துச்சு. அதுக்குத்தான் இந்த மொட்டை."

மிச்சத் தலையை ஒரு கீறல்கூட விழாமல் மெதுவாக மழித்தேன். வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். கேட்டுக்கொண்டே மழித்தேன்.